பாதிக் கொட்டிலுக்கு மட்டும் உள்ளி

அந்த வீட்டுக்குப் போனால் ஒரு தேத்தண்ணி கிடைக்காது. இரண்டு கிடைக்கும். ஒன்றில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கும், மற்றதில் இராது. இரண்டு கோப்பையிலும் ஒரே நிறம், ஒரே சூடு, ஒரே அளவு. "கண்ணை மூடிக்கொண்டு குடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ தம்பி, எது தொண்டைக்குள்ள நிக்குது?" என்று வீட்டுக்கார அக்கா எதிரே வந்து நிற்பார். தாகத்தோடு போனவன் சோதனை எழுதிவிட்டுத்தான் வரவேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, என் பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வேறு யார்?

நிலாவெளியில் தெருவுக்குக் கிழக்கே ஹோட்டல்களும் கடலும். மேற்கே வெங்காயத் தோட்டங்கள், பனைகள், அதற்கும் அப்பால் வெயிலில் கண் கூசுகிற உப்பளம். அக்காவின் வளவு மேற்கே. நான் அப்போது கிழக்கே ஒரு சின்ன ஹோட்டலில் களஞ்சியம் பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசி, மா, சவர்க்காரம், முட்டை, கோழி. எந்த வேலையிலும் நிலைக்காத கால்கள் என்னுடையவை. அந்த வேலையில் அவை நின்றதற்கு ஒரே காரணம், கிழமையில் இரண்டு தரம் கோழி எடுக்கத் தெருவைக் கடந்து அந்த வளவுக்குப் போகக் கிடைத்ததுதான்.

புரொயிலர் கொட்டில் எப்படி நாறும் என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கண்ணுக்குள் ஏறும். சேட்டில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். முதல் நாள் மூக்கைப் பொத்தத் தயாராகத்தான் படலையைத் திறந்தேன். உள்ளிப்பூண்டு. மிளகு. வறுத்த கருஞ்சீரகம். கசக்கிய கற்பூரவள்ளி. ஒரு ஊருக்கே ரசம் வைக்கிற குசினிக்குள் தவறி நுழைந்தவன் போல நின்றேன். அந்த ரசத்துக்கு நடுவே நூறு நூறாக வெள்ளைக் கோழிகள், கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தன.

"என்ன அக்கா, கோழியை உயிரோடையே கறி வைக்கிறீங்களோ?"

அவர் சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து கொட்டிலின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு போனார். உயரம் குறைந்த மனுசி. ஆனால் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவர் போல முன்னால் சாய்ந்து நடப்பார், கூட நடக்கிறவன் ஓடவேண்டும். கொட்டிலின் நடுவில் பழைய கரைவலைத் துண்டு ஒன்று கூரையிலிருந்து நிலம்வரை தொங்கியது. வலைக்கு அங்காலும் அதே வயதுக் கோழிகள். அங்கே வழக்கமான நாற்றம்.

"இந்தப் பக்கத்தை மணந்து பாருங்கோ. இதுகளுக்குக் கடைத் தீன் மட்டும்."

"ஏன் இதுகளுக்குச் சரக்கு இல்லை?"

"இதுகள் இல்லாட்டி, அதுகளுக்கு நல்லதெண்டு எப்பிடித் தெரியும்?"

அன்றே நான் விழுந்துவிட்டேன். ஊரில் எல்லாரும் எதையோ நம்பிக்கொண்டிருந்தார்கள். இந்த மனுசி மட்டும் நடுவில் ஒரு வலையைக் கட்டிவிட்டு, இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் வாயில் எப்போதும் ஒரு கேள்வி இருந்தது: எதைவிட? புது பஸ் நல்லா ஓடுது என்றால், எதைவிட? டொக்டரின் குளிசைக்கு மூன்று நாளில் காய்ச்சல் விட்டது என்றால், எதைவிட, குளிசை போடாதவைக்கு எத்தினை நாளில விட்டது? ஒரு செத்தவீட்டில் யாரோ "அருமையான மனுசன்" என்று அழுதபோது அக்காவின் உதடு அசைந்ததை நான் கண்டேன். அவருடைய கணவர் சட்டென்று அவர் கையை அமத்திப் பிடித்ததையும் கண்டேன்.

ஒருமுறை ஒரு மாதம் முழுக்கத் தலையின் இடப்பக்கத்துக்கு மட்டும் கறிவேப்பிலை காய்ச்சிய எண்ணெய் வைத்தார். வகிடுதான் எல்லை. அந்த மாதத்தில் சொந்தக்காரர் கல்யாணம் ஒன்று வந்தது. ஒரு பக்கம் படிந்து மினுங்க, மறுபக்கம் காய்ந்து பறக்க, பட்டுச்சீலையோடு மண்டபத்துக்குள் நுழைந்தார். படம் பிடிக்கிற பெடியன் தலையைச் சொறிந்தான். "எந்தப் பக்கத்தை அன்ரி எடுக்கிறது?" "ரெண்டையும் தனித்தனியா எடும். பிறகு பார்க்கலாம்."

கணவரைப் பற்றியும் சொல்லவேண்டும், அவரில்லாமல் அக்காவின் கதை இல்லை. நான் அண்ணை என்று கூப்பிடுவேன். கரைவலை இழுத்து இழுத்து வலத்தோள் போன மனுசன். பெரிய உடம்பு, சின்னக் குரல். தோள் நோகிறது என்று அவர் முனகினால் அக்கா எண்ணெய்யோடு வந்து இரண்டு தோளையும் தேய்ப்பார்.

"நோகாத தோளுக்கு ஏன் எண்ணெய்?" என்பார் அண்ணை.

"ஒப்பிட ஒண்டு வேணும். அசையாமல் இருங்கோ."

மிளகாய்க் கதையை விட்டால் அண்ணை எனக்கு மன்னிப்புத் தரமாட்டார். செத்தல் மிளகாயை இடித்துத் தீனுக்குள் கலந்தால் என்ன ஆகும் என்று அக்காவுக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. வேலியால் எட்டிப் பார்த்த அயல்வீட்டுக்காரி வாயில் கை வைத்தாள். பாவம் வாயில்லாச் சீவன்கள், இதென்ன கொடுமை என்றாள். அண்ணை தீன் சட்டியோடு உள்ளே போனார். ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு கொட்டில் அதிர ஒரு தும்மல். இன்னொன்று. கண்ணும் மூக்கும் ஆறாக ஓட அண்ணை வெளியே வந்து விழுந்தார். உள்ளே கோழிகள் ஒன்றும் நடக்காதது போலத் தீன் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தன. அக்கா அவரைக் குனிந்து பார்த்தார், கொட்டிலையும் பார்த்தார்.

"கோழிக்கு உறைப்புத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியுது," என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோசம். புதுத் தீவொன்றைக் கண்டுபிடித்த கப்பல்காரனுக்குக்கூட அவ்வளவு இருந்திராது.

இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்று கேட்டேன். குஞ்சு வந்து சேர்ந்த நாளிலேயே தண்ணீருக்குள் மருந்து கலக்கச் சொல்லித் தீன் கடைக்காரர் போத்தலைக் கையில் தந்துவிடுவாராம். நோய் வந்தபிறகு அல்ல, வரமுன்னமே. "வருத்தமில்லாத பிள்ளைக்கு மருந்து பருக்குவமோ?" என்று அக்கா கேட்பார், ஆனாலும் கலப்பார். பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் இறக்குமதி நின்ற அந்த வருடம் வந்தது. கடையில் போத்தலே இல்லை. பலபேர் கொட்டிலை வெறுமையாக்கிவிட்டு இருந்தார்கள். அக்கா குசினிக்குள் போனார். பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கிற சரக்கு இருக்கிறதே, உள்ளி, மிளகு, மஞ்சள், சீரகம், அந்த அம்மிக் கூட்டை எடுத்தார். அதோடு கருஞ்சீரகமும், காய்ந்த கற்பூரவள்ளியும், முருங்கையிலையும் சேர்ந்தன. ஏழு. முதல் தரம் உள்ளி கூடிப்போய்க் கோழிகள் தீனைக் கிளறிவிட்டுப் பட்டினி கிடந்தன. அடுத்த தரம் குறைத்தார். அதற்கடுத்த தரம் வறுத்துப் போட்டார். ஒவ்வொரு தரமும் வலை நடுவில் தொங்கியது, ஒவ்வொரு தரமும் பாதிக்குத்தான் போட்டார்.

அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கும் வந்திருந்தார். குஞ்சுகள் மின்குமிழ்ச் சூட்டில் இருக்கிற முதல் இரண்டு கிழமையும் சரக்குப் பக்கம் முந்தும். மூன்றாம் கிழமையிலிருந்து மற்றப் பக்கம் எட்டிப் பிடிக்கும். முப்பத்தைந்தாம் நாள் தராசில் இரண்டும் சமன். "குஞ்சு வயசிலதான் சரக்கு வேலை செய்யுது. வளர்ந்தபிறகு உடம்பு பழகிப்போகுது. அளவைக் கூட்டவேணும்," என்று கொப்பியில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அதை விளக்கினார். நானும் இரண்டு பேருக்கு விளக்கினேன்.

அந்த நேரத்தில்தான் கோழிக் கம்பனியின் ஆள் வந்தார். குஞ்சு அவர்களுடையது, தீன் அவர்களுடையது, மருந்து அவர்களுடையது. கொட்டிலும் கையும் அக்காவுடையது. "கொட்டிலுக்குள்ள ஒரு கறிவேப்பிலைகூட விழப்படாது" என்பது நிபந்தனை. நிரந்தரமாக வாங்குகிற ஒருவர் இல்லாமல் இனித் தனியாகக் கொட்டிலை நடத்த ஏலாது என்று அக்காவுக்குத் தெரியும். ஒன்றில் கம்பனி, அல்லது ஒரு ஹோட்டல்.

எங்கள் ஹோட்டல் அதுவரை எடுத்தது கிழமைக்குச் சில கோழிதான்; முதலாளி கிண்ணியா ஹாஜியார். நான்தான் அக்காவின் கோழியைப் பற்றி அவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் வந்து பார்த்தார், மோந்து பார்த்தார், மயங்கினார்.

"தங்கச்சி, வாற வெள்ளைக்காரன் எல்லாம் இந்தக் கோழிக்கு ஊசி போட்டதா எண்டுதான் கேக்கிறான். நாம மூலிகைக் கோழி எண்டு பெரிசா எழுதிப் போடுவம். சீசன் முழுக்க உங்கட கோழிதான்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கைகூப்பி ஓம் என்றிருப்பார்கள்.

"பொறுங்கோ ஹாஜியார்," என்றார் அக்கா. "மூலிகை வேலை செய்யுதோ எண்டு முதல்ல பார்ப்பம். இந்தமுறை அளவைக் கூட்டியிருக்கிறன். முப்பத்தஞ்சாம் நாள் நீங்களே வாங்கோ. ரெண்டு பக்கமும் நிறுப்பம். சரக்குப் பக்கம் கூட எண்டால் எழுதுங்கோ."

"கூட இல்லாட்டி?"

"எழுதாதேங்கோ."

"எழுத ஏலாட்டி எனக்கு ஏன் இந்தக் கோழி? நான் பெட்டியில வாற குளிர்க் கோழிக்குப் போயிருவன்."

"ஓம்," என்றார் அக்கா.

நான்காம் கிழமை, திருகோணமலைச் சந்தையில் அண்ணையைக் கண்டேன். ஒரு கையில் உள்ளிப் பை, மற்றக் கையில் மஞ்சளும் மிளகும். என்னைக் கண்டதும் பைகளை முதுகுப் பக்கம் கொண்டுபோனார், அந்தப் பெரிய முதுகுக்குப் பின்னாலும் அவை தெரிந்தன. "மருமகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. சரக்கு அரைக்கவேணும்," என்றார். ஆணோ பெண்ணோ என்று கேட்டேன். சற்று யோசித்து, "ரெண்டும்," என்றார். இரட்டைப் பிள்ளைகள் என்று நான் மகிழ்ந்து, ஒரு பக்கெற் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

முப்பத்தைந்தாம் நாள் காலை. ஹாஜியார் வான் கொண்டுவந்தார். முகட்டில் தொங்கு தராசு. அக்கா பிடித்துத் தர, நான் எடையை வாசிக்க, பக்கத்துக்கு இருபது கோழி. கூட்டினேன். திரும்பக் கூட்டினேன். வேறு இருபதைப் பிடித்தோம். அந்தக் காலையின் ஒவ்வொரு சத்தமும் இன்னும் என் காதில் இருக்கிறது: தராசுக் கொளுக்கியின் கிறீச்சு, உப்பளப் பக்கமிருந்து வந்த காற்று, வானின் கதவை ஹாஜியார் திறந்து மூடித் திறந்து மூடிய டப் டப்.

இரண்டு பக்கமும் சமன்.

அக்கா கையைச் சீலையில் துடைத்தார். பொய் சொல்ல அவருக்கு ஒரு சொல் போதும். எந்தப் பக்கம் எதுவென்று ஹாஜியாருக்கு அந்த நேரத்தில் ஞாபகம்கூட இல்லை. ஒரு சின்னக் கணக்குப் பிழை போதும், பென்சில் என் கையில்தான் இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என் பென்சிலைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம்.

"ஹாஜியார், ரெண்டும் ஒண்டுதான். என்ர சரக்கு ஒண்டும் செய்யேல்லை," என்றார்.

வலைப் பக்கமிருந்து அந்தச் சின்னக் குரல் வந்தது.

"செய்தது."

அண்ணை வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இஞ்சாலையும் செய்தது. இதுகளுக்கும் நான் குடுத்தனான்."

அக்கா திரும்பினார். "என்னத்தை?"

"சரக்கை. உம்மட வாளியில தொடேல்லை. நீர் அளந்து வைக்கிறீர். நானே அரைப்பிச்சு வள்ளத்துக்குள்ள ஒளிச்சு வச்சனான்."

"எப்ப தொடக்கம்?"

"மூண்டாம் கிழமை தொடக்கம். நான் தீன் போடுற நாள் தொடக்கம்."

"இந்த முறையோ?"

அண்ணை என் பக்கம் பார்த்தார், சந்தையில் நான் வாங்கிக் கொடுத்த பிஸ்கட் எனக்கு ஞாபகம் வந்தது. அக்கா கொப்பியைத் திறந்து, கோடு போட்ட அந்த வரியைப் பார்த்தார். முதல் இரண்டு கிழமையும் குஞ்சுகளை அக்கா தானே பார்ப்பார். மூன்றாம் கிழமையிலிருந்து காலைத் தீன் அண்ணையின் கை. தோள் போய், வலையை விட்டு, அவர் வீட்டோடு நின்ற நாளிலிருந்து நடந்த அத்தனை சோதனையும் அந்த ஒரு கையால் கரைந்து போயிருந்தது. உடம்பு பழகவுமில்லை, ஒன்றுமில்லை. நான் முதல் நாள் போனபோது அவர் இன்னும் கடலில்; பிறகு அந்தப் பக்கமும் மணத்ததை, வலையால் கசிந்த மணம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"நீர் சட்டியோட அந்தப் பக்கம் போனவுடன இதுகள் எல்லாம் வலையில வந்து ஒட்டிக்கொண்டு நிக்குதுகள். மணக்குதல்லோ. எனக்கு ஏலாது. சல்லி அம்மன் கோயில் அன்னதானத்தில எத்தினை வருசம் பரிமாறின கை இது. ஒரு பந்தியில ஒருத்தனுக்கு வச்சு அடுத்தவனுக்கு வைக்காமல் தாண்டிப்போக எனக்குத் தெரியாது. ஒரு நாள் தாண்டிப் பாத்தன். பிறகு எனக்குச் சோறு இறங்கேல்லை."

ஹாஜியார் சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்க, வான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப முழுக் கொட்டிலும் மூலிகைக் கோழி. எனக்கு இதுதானே வேணும். ஏத்துங்க எல்லாத்தையும். எழுதிப் போடுறன், சீசன் முழுக்க."

கொட்டில் தப்பிவிட்டது என்று எனக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது. அண்ணையின் முகம் மெல்ல மலர்ந்தது. எல்லாரும் அக்காவைப் பார்த்தோம்.

"இல்லை," என்றார்.

"என்ன இல்ல?"

"கோழியைக் கொண்டுபோங்கோ. சாதாரணக் கோழி எண்டு வில்லுங்கோ. மூலிகை எண்டு எழுதாதேங்கோ. இதில ஒண்டும் தெரியேல்லை. நல்ல குஞ்சு வந்திருக்கலாம். வெயில் குறைஞ்சிருக்கலாம். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"தங்கச்சி, கோழி நல்லா இருக்கு. வாங்குறன் எண்டு நான் சொல்றன். வேணாம் எண்டு நீங்க சொல்றீங்க. இது என்ன வியாபாரம்?"

"தட்டில வச்சுச் சொல்லப்போறது நீங்கள். உங்களுக்குச் சொல்லப்போறது நான். எனக்குத் தெரியாததை நான் என்னெண்டு சொல்லுறது? இன்னும் ஒரு தரம் பார்ப்பம்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார், இந்த மனுசிக்கு நீர்தானே தரகர் என்பது போல. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னொரு முப்பத்தஞ்சு நாள். அதுக்குப் பிறகு இந்தப் பக்கம் நான் வரமாட்டன்."

அந்தக் கிழமையே கம்பனி ஆள் வந்தார். அக்கா இன்னும் முடிவு தெரியாது என்றார். அவர் மூக்கைச் சுருக்கி, வேறு கொட்டில் பார்க்கிறேன் என்று போய்விட்டார். இனி இந்த ஒரு தரம்தான்.

அக்கா அண்ணையோடு சண்டை பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். முற்றத்தில் ஒரே மாதிரி இரண்டு வாளி. அக்காவின் கண் இரண்டும் பளபளத்தன.

"இவரை மாத்த ஏலாது தம்பி. அதால சோதனையை மாத்திப்போட்டன். ரெண்டு பக்கத்துக்கும் இவரே குடுக்கட்டும். ஒண்டுக்குச் சரக்கு, மற்றதுக்கு வறுத்த தவிடு. நிறம் ஒண்டு. மணத்துக்குத் தவிட்டுக்குள்ள சரக்கை இடிச்சுத் துணியில முடிஞ்சு மூண்டு நாள் புதைச்சு வைப்பம். மணம் இறங்கும், சரக்கு இறங்காது. பிறகு முடிச்சை எடுத்துப்போடுவம். எது எதெண்டு இவருக்குத் தெரியக்கூடாது." தன் நெஞ்சில் விரலை வைத்தார். "எனக்கும் தெரியக்கூடாது. நானும் கள்ளிதான், கண் தானாப் போகும். நீங்கள் கலந்து, முடிச்சு எடுத்து, வாளிக்கு நிறம் பூசித் தாங்கோ."

நான் வியப்பில் கத்தவில்லை, ஆனால் கத்தியிருக்கவேண்டும். ஒரு மனுசனின் பந்தி நியாயத்தைச் சுற்றிக்கொண்டு, அந்த நியாயத்தையும் நோகாமல், தன் கண்ணையும் தானே கட்டிக்கொண்டு ஒருத்தி இப்படி யோசிக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கிழமைக்கு ஒருமுறை பின்வளவில் தனியே நின்று கலந்தேன். ஒரு வாளிக்கு நீலம், மற்றதுக்குச் சிவப்பு. வலைக்கு வடக்கே நீலம், தெற்கே சிவப்பு. குஞ்சு வந்த நாளிலிருந்து அண்ணை இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும், ஒரு தட்டும் தவறாமல் பரிமாறினார். அவருக்குச் சோறு இறங்கியது.

எனக்குத்தான் இறங்கவில்லை. அந்த இரகசியம் வாய்க்குள் சூடாகக் கிடந்தது. ஹாஜியார் களஞ்சியத்துக்கே வந்து, "ஐசே, எனக்கு மட்டும் சொல்லும், எது?" என்றார். ஏலாது என்றேன். அண்ணை நல்ல பாரைக் கருவாடாகக் கட்டிக் கொண்டுவந்தார். கருவாட்டை வாங்கிக்கொண்டு ஏலாது என்றேன். அக்கா மட்டும் கேட்கவில்லை. நான்காம் கிழமை ஒருநாள் இரண்டு தேத்தண்ணியையும் தந்துவிட்டு, "தம்பி, அந்தச் சிவப்பு..." என்று தொடங்கினார். உடனே தன் வாயில் தானே ஒரு அடி போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுபடி முப்பத்தைந்தாம் நாள் காலை. மறுநாள்தான் கோழி ஏற்றுவது, நிறுவை இன்று. இந்தமுறை ஹாஜியார் கதவைத் திறந்து மூடவில்லை, தராசுக்குக் கிட்ட வந்து நின்றார். இருபது நீலம், இருபது சிவப்பு. கூட்டினேன். நீலம் கூட. பெரிதாக அல்ல, ஒரு கோழிக்கு ஒரு முட்டையின் பாரம். ஆனால் கூட.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"சொல்லாதேங்கோ," என்றார் அக்கா. "வேற இருபது பிடியுங்கோ."

பிடித்தோம். நீலம் கூட. இன்னும் இருபது. நீலம் கூட. அக்காவின் மேலுதட்டில் வியர்வை மணி மணியாக நின்றது. கொட்டில் அவருடையதா, கம்பனியும் கைவிட்ட வெறுங்கொட்டிலா என்பது என் நாக்கில் நின்றது.

"இப்ப சொல்லுங்கோ."

"நீலம்தான் சரக்கு, அக்கா."

ஹாஜியார் இரண்டு கையையும் ஏந்தி முகத்தைத் தடவிக்கொண்டார். "சீசன் முழுக்க," என்றார், "இனி ஒண்டும் சொல்லப்படாது நீங்க." அக்கா கவிழ்த்து வைத்த வாளியில் அப்படியே இருந்துவிட்டார். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் நடுவில் கேள்வியும் வந்துவிட்டது. "ஏழு சரக்கு போட்டனாங்கள். ஏழில எது செய்தது?" என்று என்னைக் கேட்டார். கண் கொட்டிலின் நீளத்தை அளந்துகொண்டிருந்தது.

"அப்ப சிவப்பு வாளிக்குள்ள?" அண்ணை கேட்டார்.

"தவிடு, அண்ணை."

"வெறும் தவிடோ."

"வறுத்த தவிடு."

அவர் தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். முப்பத்தைந்து நாளும் அந்தக் கைதான். தெற்குப் பக்கத்துக் கோழிகள் வலையோரம் வந்து அவரைப் பார்த்து நின்றன, வழக்கமாக வருகிற நேரம். அண்ணை குனிந்து நீல வாளியை எடுத்தார். அடியில் கொஞ்சம் சரக்கு மிச்சம் இருந்தது. இந்தமுறை ஒளிக்கவில்லை. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

நாளைக்கு இவ்வளவும் வானில் ஏறப்போகிறவை. இன்று ஒரு பிடி சரக்கு எந்தத் தராசிலும் ஏறாது. அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதைவிட என்று கேட்கப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"எடை எடுத்தாச்சு," என்றார். "குடுங்கோ."

அண்ணை தெற்குப் பக்கத்துக்குள் இறங்கினார். தட்டுத் தட்டாக, பிடி பிடியாக, வரிசை தப்பாமல் போட்டுக்கொண்டு போனார். உள்ளியும் மிளகும் அந்தப் பக்கத்திலும் எழும்பி வந்தன. அக்கா எழுந்து அவருக்குப் பின்னால் உள்ளே போனார். கொப்பி வாளிப் பக்கத்தில் திறந்தபடி கிடந்தது.

"இஞ்சாருங்கோ, அந்த மூலையைப் பாருங்கோ," என்று அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. "ரெண்டு நிக்குது. அதுகளுக்குப் போடேல்லை நீங்கள்."